இடது தோளில் அரை இஞ்ச்

ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்ததும் கிறிஸ்டி கை நீட்டி எடுத்தது போனைத்தான். எடுக்காமல் இருந்திருந்தால் காப்பியாவது நிம்மதியாகக் குடித்திருப்பாள்.

'துணி சூப்பரா இருக்கு. ஆனா இடது தோள் ஒரு மாதிரி இறங்குது, செக் பண்ணுங்க' என்று ஒருவர். 'கழுத்து ஒரு பக்கமா இழுக்குது மேடம்' என்று இன்னொருவர். கூடப் படித்த ஜாஸ்மின் மட்டும் உரிமையோடு, 'ஏண்டி, உன் டெய்லருக்கு ஒத்தைக் கண்ணா?' என்று கேட்டிருந்தாள்.

மேடவாக்கத்து ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, முடிச்சூர் வீட்டு மாடி அறையில் 'முடிச்சு' என்று ஒரு டி-ஷர்ட் கம்பெனி ஆரம்பித்திருக்கிறாளே, அந்தக் கம்பெனியின் முதல் லாட்டுக்கு வந்த முதல் பாராட்டுகள் இவை. சாம்பல் நிறம், நெஞ்சில் சின்னதாக ஒரு கயிற்று முடிச்சு. போன வாரம்தான் பெருங்களத்தூர் தையல் யூனிட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் பார்சலும் போய்விட்டது. மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெட்டியைப் பிரித்தாள். சட்டையை மேஜைமேல் விரித்து டேப்பை வைத்தாள். வலது தோளைவிட இடது தோள் அரை இஞ்ச் கீழே. அடுத்த சட்டை, அதே அரை இஞ்ச். அடுத்த பெட்டி, அங்கேயும் அதே கதை. ஒன்றிரண்டு சட்டை கோணலானால் தைத்தவர் கை தப்பு. அத்தனையும் ஒரே அளவில் கோணலானால் துணி வெட்டும் பேட்டர்னே தப்பு.

யூனிட்டில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று நம்பரைத் தேடியவள், பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த அரை இஞ்ச் அவளுக்குத் தெரிந்த அரை இஞ்ச்.

அவளுடைய அண்ணன் ஜாய்சன் பத்தாவது படிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து கழுத்தோரத்துக் காறை எலும்பை உடைத்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது, ஆனால் குட்டையாகக் கூடியது. அன்றிலிருந்து அவனுக்கு இடது தோள் சற்றுத் தணிந்தே இருந்தது. வெளியாருக்குத் தெரியாது. கடையில் வாங்கும் சட்டைதான் காட்டிக்கொடுக்கும், அந்தப் பக்கம் நிற்காமல் வழியும். அதனால் அம்மா அமலராணி அவனுக்கு எது வாங்கினாலும், முதல் வேலையாகத் தையலைப் பிரித்து இடது தோளை அரை இஞ்ச் இறக்கித் தைத்துவிடுவாள்.

அந்த ஜாய்சன்தான் 2015 வெள்ளத்தில், பின் தெருவில் மாட்டிக்கொண்ட சிநேகிதனைக் கூட்டிவருகிறேன் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனவன். சிநேகிதன் வந்து சேர்ந்தான். இவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மூழ்கி, அவன் துணிமணி, போட்டோ, புத்தகம் எல்லாம் சேறாகிவிட்டன. தப்பியது ஒரே ஒரு சாம்பல் நிற டி-ஷர்ட். அது தப்பிய கதை வேடிக்கையானது. திருச்சி ஹாஸ்டலில் இருந்த கிறிஸ்டி, லீவுக்கு வந்தபோது அண்ணனைக் கேட்காமல் அதைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், அம்மாவைக் கேட்காமல் அலமாரியிலிருந்து அதே சட்டையை மறுபடியும் சுருட்டினாள். அந்தச் சட்டைபோல உடம்புக்கு இதமான சட்டை அவள் வேறு போட்டதில்லை. தன் கம்பெனிச் சட்டையும் அப்படி இருக்கவேண்டும் என்று ஆசை. மாஸ்டரிடம் காட்டிவிட்டு, அம்மா கவனிப்பதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

“ஒரு நூல்கூட மாறக்கூடாது மாஸ்டர். அச்சு அசலா இதே சட்டை வேணும்” என்று இரண்டு தடவை வேறு சொல்லிவிட்டு வந்தாள்.

பாவம், அவர் என்ன செய்வார்? வழக்கமாகச் சாம்பிள் சட்டையை நெடுக்கே மடித்து, ஒரு பாதியை மட்டும் வரைவார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்துவிடும். இந்தப் பொண்ணு அச்சு அசல் கேட்கிறாளே என்று அவர் தையலையெல்லாம் பிரித்து, முன்பக்கம், பின்பக்கம், கைகள், கழுத்துப் பட்டி என்று தனித்தனியாக விரித்து, வலதையும் இடதையும் உள்ளபடி வரைந்தார். ஓரங்களைச் சீராக நறுக்கியும்விட்டார். வேலை முடிந்ததும் துண்டுகளை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். சாம்பிள் துணியை யாராவது மறுபடி முழுச் சட்டையாகக் கேட்பார்கள் என்று அந்த மனிதர் கனவா கண்டார்?

தோள் இறக்கம் கிறிஸ்டிக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் இப்போது குத்தியது. அண்ணனின் உடம்பு எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருக்கிறாள். இத்தனைக்கும் சின்ன வயதில் அந்தத் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவள்.

கவர் இப்போது மேஜை இழுப்பறையில் இருந்தது. இன்றோ நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.

ஊரில் மற்றவர்கள் கல்லறைக்குப் புல் பிடுங்கி, வெள்ளையடித்து, பூ வைக்கும் நாள் இது. அமலராணிக்கு வேறு வேலை உண்டு. அலமாரியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்து, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி, மடித்து உள்ளே வைப்பாள். வந்தால் மாற்றிக்கொள்ள ஒன்றாவது வேண்டாமா என்பாள். சுற்றிலும் ஃபிளாட் எழும்பிய தெருவில் இந்தப் பழைய வீட்டை மட்டும் விற்காமல் வைத்திருப்பதும் அவள் பிடிவாதம்தான். திரும்பி வருகிறவனுக்கு வீடு அடையாளம் தெரியவேண்டும்.

“கிறிஸ்டி” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “அலமாரி சாவியைப் பாத்தியா?”

“இல்லையேம்மா.”

அம்மா திறந்துவிடக்கூடாதென்று அவள் எடுத்து மறைத்த சாவி நைட்டிப் பையில் இருந்தது. இறங்கிப் போனபோது அமலராணி சமையலறை வாசலில் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். நாலாம் வகுப்பு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பொய் சொல்லும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நல்லாத் தேடிப் பாரு. மழை வர்றதுக்குள்ள அவன் சட்டையை வெயில்ல போடணும்.”

“ஈரக் காத்தா இருக்கும்மா. நாளைக்குப் போடலாமே.”

“என்னிக்கு நாளைக்குப் போட்டிருக்கேன்?”

ஹாலில் அப்பா தேவானந்தம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கோயிலில் கொடுத்த கவர். வீட்டில் இறந்துபோனவர்கள் பெயரை மேலே எழுதி, உள்ளே காணிக்கை வைத்துக் கொடுத்தால், மாலை கல்லறைத் தோட்டப் பூசையில் வாசித்து ஜெபிப்பார்கள். தன் அப்பா, அம்மா, மாமியார் என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வருஷா வருஷம் அந்த இடத்தில்தான் அவர் பேனா நிற்கும்.

கிறிஸ்டியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “இந்த வருஷமாவது எழுதிடலாம்னு பாக்கறேன். பத்து வருஷம் ஆச்சு. அவனுக்குன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்துனதில்ல, ஒரு பூசை வெச்சதில்ல. நம்ம வீட்லயும் இல்லாம அங்கயும் சேராம எங்க நின்னுக்கிட்டிருக்கான்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. நீ சொன்னா அம்மா கேப்பா.”

“நானா? இன்னிக்கு நான் எது சொன்னாலும் அம்மா என்னைக் கொன்னுடும்பா.”

“ஏன், என்ன பண்ண?”

கிறிஸ்டி மாடிக்கு ஏறிவிட்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு துண்டுகளை மேஜையில் பரப்பினாள். சேர்த்துத் தைத்துவிடலாம், அம்மா கண்ணில் காட்டிவிட்டு உடனே மடித்து வைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. இரண்டு துண்டுகளை ஒட்டிப் பிடித்ததுமே அந்த ஆசை அணைந்துவிட்டது. மாஸ்டர் நறுக்கிய ஓரம் போக, தையலுக்குத் துணியே இல்லை. தைத்தால் சின்னப் பையன் சட்டையாகத்தான் வரும்.

அப்போதுதான் மொட்டைமாடித் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கிறிஸ்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று, புதுத் துணி சுருங்குகிறதா என்று பார்க்க எட்டுச் சட்டையை அலசிக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். எடுக்க மறந்துவிட்டாள்.

ஓடிப்போனாள். ஆனால் அமலராணி முந்திவிட்டாள்.

வெயில் இருக்கிறதா என்று பார்க்க வந்தவள், கொடிக்கு நாலடி முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஹாங்கர்களில் எட்டுச் சட்டைகளும் முதுகைக் காட்டித் தொங்கின. காற்றில் உப்பி, உள்ளே ஆள் இருப்பதுபோல அசைந்தன. எட்டும் இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஜாய்சன் அப்படித்தான் நிற்பான். கிறிஸ்டிக்கே கை மயிர் குத்திட்டது. பெட்டியில் மடிந்திருந்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. எட்டுப் பேரில் எவனாவது ஒருத்தன் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று பட்டது.

அமலராணியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன பெயர் என்று கேட்காமலே தெரிந்தது.

பிறகு மெல்லப் போய் ஓரத்துச் சட்டையைத் தொட்டாள். கழுத்திலிருந்து தோள் நுனி வரை கட்டைவிரலால் தடவினாள். வலது, இடது. அவளுக்கு டேப் வேண்டியதில்லை. சட்டையை உள்பக்கமாகப் புரட்டினாள். வலது தோள் தையலில் சாம்பல் நூல். இடது தோளில் மட்டும் நீல நூல். அச்சு அசல் என்றதற்கு மாஸ்டர் அதையும் விட்டுவைக்கவில்லை.

“சாவி உன்கிட்டதானே இருக்கு?” என்றாள், திரும்பாமல்.

கிறிஸ்டி உள்ளே போய்க் கவரை எடுத்துவந்து நீட்டினாள். சாவியைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

அமலராணி துண்டுகளை ஒவ்வொன்றாகக் கைப்பிடிச் சுவர்மேல் எடுத்து வைத்தாள். முன்பக்கத் துண்டின் தோள் ஓரத்தில், பிரித்தது போக நீல நூல் பிசிறு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு வீட்ல சாம்பல் நூல் தீந்துபோச்சு. கடைக்குப் போய் வாங்கிட்டு வாடான்னா, உள்பக்கம்தானேம்மா, யாரு பாக்கப்போறான்னு இதைப் போட்டுத் தைக்கச் சொன்னான்.” பிசிறை விரலால் நீவினாள். “இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்தேனே. வந்து கேட்டான்னா நான் எதைடி எடுத்துக் குடுப்பேன்?”

திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை கொடுத்திருந்தால் இன்னும் தேவலை. அந்தக் கேள்வியைத்தான் கிறிஸ்டியால் தாங்க முடியவில்லை. குற்றவுணர்ச்சி சில நேரம் கோபமாகத்தான் வெளியே வரும்.

“அம்மா, அவன் வர மாட்டாம்மா.”

பத்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சொன்ன பிறகு கிறிஸ்டிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அமலராணி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தூறல் ஒன்றிரண்டு விழ ஆரம்பித்ததும், துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, முழுச் சட்டையை மடிப்பதுபோலவே மடித்து, மார்போடு சேர்த்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

பின்னாலேயே போன கிறிஸ்டி படியிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, அந்தக் கோயில் கவரைக் குடுங்க” என்றாள் அமலராணி.

தேவானந்தம் ஒன்றும் புரியாமல் நீட்டினார். பேனாவையும் அவளே வாங்கிக்கொண்டாள். தன் அம்மாவின் பெயருக்குக் கீழே, கரும்பலகையில் எழுதுவதுபோல எழுத்து எழுத்தாக, ஜாய்சன் என்று எழுதினாள். மூடியை மாட்டிப் பேனாவை அவர் முன்னால் வைத்துவிட்டு, குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகம் கழுவப் போகிறவர்போல எழுந்து போனார். கேட்டது கிடைத்துவிட்டது. குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

மாலையில் தூறல் விட்டிருந்தது. கிறிஸ்டிதான் வண்டி ஓட்டி வந்தாள். தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு கல்லறைமேலும் சாமந்தி, ஊதுவத்தி, காற்றுக்கு மறைப்பாகப் பிடித்த கைகள். தங்கள் வீட்டாரின் கல்லறை வெளியூரில் இருப்பவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி வைப்பது வழக்கம். தேவானந்தம் தன் பெற்றோருக்கு வருஷா வருஷம் அங்கேதான் ஏற்றுவார்.

அமலராணி கைப்பையை விடாமல் அணைத்திருந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கிறிஸ்டிக்குத் தெரியும். பூசைப் பந்தல் மேஜையில் கவரைக் கொடுத்துவிட்டுத் தேவானந்தம் திரும்பி வந்து, “குடுத்தாச்சு” என்றார். அமலராணி தலையாட்டினாள். சின்ன மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, சிலுவையடியில் மற்றவற்றோடு சேர்க்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தாள். எழுந்தபோது தடுமாறி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கிறிஸ்டிக்கு அழுகை முட்டியது. அண்ணனை வெள்ளம் கொண்டுபோகவில்லை, இன்று காலை மொட்டைமாடியில் நான்தான் கொன்றேன் என்று தோன்றியது.

ஒலிபெருக்கியில் பங்குத் தந்தை பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. மேடவாக்கத்திலிருந்து ஹர்ஷா. பழைய ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன், 'முடிச்சு'க்கு முதல் ஆர்டர் போட்டவன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். இவனுக்கும் தோள் இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

“கிறிஸ்டி, சொல்லணும்னு நெனச்சேன். சட்டை எனக்குச் சரியா உக்காரல, கோச்சுக்காத. எங்க அபார்ட்மெண்டுக்குத் தண்ணி லாரி கொண்டுவர்ற அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவருக்குக் குடுத்துட்டேன். எந்தச் சட்டை போட்டாலும் அவருக்கு இடது பக்கம் வழிஞ்சுட்டே இருக்கும். இது அப்படியே ஒட்டிக்கிச்சு, அளவெடுத்துத் தச்ச மாதிரி. அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? கழட்டி உள்பக்கம் திருப்பிப் பாத்தார். அந்தத் தையலையே தடவிக்கிட்டு நின்னார். இந்த நீல நூல் யார் போட்டதுன்னு கேட்டார். நான் என்னத்தைக் கண்டேன்? உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன்.”

கிறிஸ்டிக்குக் காது அடைத்துக்கொண்டது.

காறை எலும்பு உடைந்தவன் மேடவாக்கத்தில் ஒருத்தன்தானா இருப்பான்? நீல நூலைப் பார்த்தால் யாரும்தான் கேட்பார்கள். இருப்பது இத்தனை கிட்டத்தில் என்றால், பத்து வருஷமாக வீட்டுக்கு வராமல் ஒருத்தன் இருப்பானா? இருக்க முடியாது. காலையில் அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டு, இப்போது இதைச் சொன்னால் அது என்ன நியாயம்? போனைப் பைக்குள் போடப் போனாள்.

“யாரு?” என்றாள் அமலராணி. காலைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

“கஸ்டமர்மா.”

“தோள் சரியில்லேங்கறாங்களா?”

கிறிஸ்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் சாவிக்காகச் சொன்ன பொய் இன்னும் உறுத்தியது. இன்னொன்று சொல்ல அவளால் ஆகவில்லை.

“இல்லம்மா. சரியா இருக்குதாம்.”

அமலராணி கையை நீட்டினாள். கிறிஸ்டி மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டு, போனை அவள் காதில் வைத்தாள்.

அமலராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்த பிறகும் திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் தாத்தாவின் பெயர் வந்தது. பாட்டிகள் பெயர் வந்தன. அடுத்து ஜாய்சன் என்று தெளிவாகக் கேட்டது. தேவானந்தம் சிலுவை வரைந்துகொண்டு விம்மினார். தோட்டம் முழுக்க நின்ற ஜனங்கள், இந்த ஆன்மாக்களுக்கு நித்திய இளைப்பாற்றி கிடைக்கவேண்டும் என்று ஒரே குரலில் வேண்டிக்கொண்டார்கள்.

அமலராணி மட்டும் அந்த ஜெபத்தைச் சொல்லவில்லை. குனிந்து, தள்ளி வைத்திருந்த அந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

“வண்டி சாவி உன்கிட்டதானே இருக்கு?” என்றாள்.